ஏரியில் தூண்டில் போட எந்தச் சின்னப் படகு: பரிசலா, ரப்பர் படகா, கயாக்கா?

சின்னப் படகு ஒன்று வாங்கலாம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். அப்புறம் எத்தனை பேர் உட்காரலாம் என்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு: ராத்திரி அந்தப் படகு எங்கே இருக்கும்? ஏரிக்கரையில் தெரிந்தவர் வீட்டு வாசலில் கவிழ்த்துப் போட முடியுமா, உங்கள் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் சுவரோரம் சாய்த்து வைக்க முடியுமா, இல்லை மூன்றாவது மாடி ஃபிளாட்டில் கட்டிலுக்கு அடியில்தான் இடமா? இதற்குப் பதில் கிடைத்தால் பாதித் தேர்வு முடிந்தது. மீதியை நம் ஏரிகளில் இருக்கும் முள்ளும் காற்றும் முடிவு செய்துவிடும்.

சேலம், ஈரோடு, கோவை, தருமபுரிப் பக்கம் ஏரிகளிலும் அணைகளிலும் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒருவர் அல்லது இருவர், எஞ்சின் கிடையாது, கையால் துடுப்பு போடுவதுதான். வலை போட்டுப் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. அவர்கள் பரிசலைத் தேர்ந்தெடுத்துப் பல தலைமுறை ஆகிறது.

படகுக்குப் பணம் கொடுக்கும் முன்னால் அனுமதியை விசாரித்துவிடுங்கள். ஏரி என்றால் பெரும்பாலும் மீன்பாசி, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை, குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரர் பணம் கட்டிக் குஞ்சு விட்டிருப்பார், அவரைக் கேட்காமல் உள்ளே படகு இறக்குவது வம்பை விலைக்கு வாங்குவது. அணைகளில் மீன்வளத் துறையோ மீன்வளர்ச்சிக் கழகமோ மீனவர் கூட்டுறவுச் சங்கமோ உரிமை வைத்திருக்கும், பாதுகாப்பு காரணமாக நீர்வளத் துறையும் சில பகுதிகளை மூடி வைத்திருக்கும். வேடந்தாங்கல் மாதிரி பறவைச் சரணாலயங்களும் காட்டுக்குள் இருக்கும் நீர்த்தேக்கங்களும் கணக்கிலேயே வேண்டாம். கரையில் நின்று தூண்டில் போடுகிறவரைக் கண்டுகொள்ளாத ஊரில்கூடப் படகைப் பார்த்தால் கேள்வி வரும். அனுமதி கிடைக்கும் ஏரி எது என்று தெரிந்த பிறகு அந்த ஏரிக்கு ஏற்ற படகைத் தேடுவதுதான் சரியான வரிசை.

சரி, பரிசலில் தொடங்குவோம்.

மூங்கிலைப் பிளந்து பட்டைகளாக்கித் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுகிறார்கள். நடுவில் கல்லை ஏற்றி அழுத்திவிட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை மேலே வளைத்து விளிம்பு கட்டுகிறார்கள். முன்பெல்லாம் வெளிப்பக்கம் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் சாக்கோ தார்ப்பாயோ போர்த்தி மேலே தார் பூசுகிறார்கள். ஒகேனக்கல்லில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் பெரிய பரிசலைத்தான் எல்லோருக்கும் தெரியும். மேட்டூர், பவானிசாகர் நீர்த்தேக்கங்களில் மீன்பிடிக்கப் போவது அதைவிடச் சின்னது. நமக்கு ஆறு, ஆறரை அடி விட்டம் போதும்.

வட்டமாக இருப்பதில் என்ன லாபம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 3.14 சதுர மீட்டர். அது ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் சுமார் 31 லிட்டர் தண்ணீரை விலக்குகிறது, அதாவது 31 கிலோவைத் தாங்குகிறது. இரண்டு ஆள், பரிசலின் சொந்த எடை, கூடை, தூண்டில் எல்லாம் சேர்த்து 200 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் ஆறேழு சென்டிமீட்டர்தான் அமிழும். அடிப்பக்கம் ஓரத்தில் வளைந்திருப்பதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கூடும், ஆனாலும் ஒரு சாணைத் தாண்டாது. கோடையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் ஏரியின் மேல்கோடிக்குப் போய் விராலைத் தேட இதைவிட வசதியான படகு இல்லை.

எடையும் பரவாயில்லை. ஆறடிப் பரிசலை ஒரு ஆள் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு கரையேறிப் போவதை எந்த அணைக்கட்டு ஊரிலும் பார்க்கலாம். வண்டியில் கொண்டுபோவதுதான் தொல்லை. மடக்க முடியாது, காருக்குள் போகாது, மாருதி ஆல்டோ கூரையில் கட்டினால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். குட்டி யானை வண்டியில் சாய்த்து நிறுத்தினால் போகும். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் வண்டி வாடகை கொடுத்தால் பரிசலின் விலையை வாடகையே சீக்கிரம் தாண்டிவிடும். அதனால்தான் ராத்திரி எங்கே இருக்கும் என்று கேட்டேன். ஏரிக்குப் பக்கத்திலேயே வைக்க இடமிருந்தால் பரிசல், இல்லாவிட்டால் வேறு பாருங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஓட்டுவது ஒரு வித்தை. நீளப் படகு மாதிரி பக்கத்தில் துடுப்பு போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். போகும் திசையைப் பார்த்துக் குந்திக்கொண்டு, துடுப்பை முன்னால் நீட்டித் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்க வேண்டும், இழுக்கும்போதே இடமும் வலமும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஓரிரு காலையில் பிடிபட்டுவிடும். தூண்டில்காரருக்கு வேறு ஒரு எரிச்சல் உண்டு: காற்று லேசாக அடித்தாலும் பரிசல் மெல்லத் திரும்பும், தக்கை கண்ணுக்கு நேராக இருந்தது கொஞ்ச நேரத்தில் முதுகுப் பக்கம் போயிருக்கும். எதிரெதிர் விளிம்பில் இரண்டு கயிறு கட்டி, இரண்டு கல்லைத் தண்ணீரில் இறக்கிவிட்டால் அசையாது. ஒரு கல் மட்டும் போட்டால் கல்லைச் சுற்றியே வட்டமடிக்கும். எழுந்து நிற்பது வேண்டாம். ஒருவர் விளிம்போரம் நின்று பெரிய கட்லாவை இழுக்கிறேன் என்று சாய்ந்தால் மற்றவரும் சேர்ந்து தண்ணீரில்தான்.

பராமரிப்பு எளிது, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் கவிழ்த்து வைக்க வேண்டும். வெயிலில் தார் இளகும், குளிரில் வெடிப்பு விடும், ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவையாவது மறுபூச்சு கட்டாயம். கிழிந்தால் ஒரு துண்டு சாக்கும் காய்ச்சிய தாரும் போதும், கரையிலேயே ஒட்டி உலரவைத்துத் திரும்ப இறங்கலாம். மூங்கில் உளுத்துப்போவதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பழைய பரிசல் விலைக்கு வந்தால் தாரைப் பார்த்து ஏமாற வேண்டாம், புதுத் தார் எதையும் மறைக்கும். உள்பக்கம் குனிந்து விளிம்புக்குக் கீழே பட்டைகள் வளையும் இடத்தை நகத்தால் கீறுங்கள். மாவு மாதிரி தூள் கொட்டினால் நடையைக் கட்டலாம். அடுத்து நடுவில் ஏறி நின்று லேசாக அழுத்துங்கள். பின்னல் நெறுநெறு என்று சத்தம் போடுவது சகஜம், ஒரு இடம் மட்டும் தனியாகப் பள்ளம் விழுந்தால் அங்கே பட்டை முறிந்திருக்கிறது.

ஃபைபர் பரிசல் இதன் தம்பி. அதே வட்டம், அதே ஓட்டம், உளுக்காது, தார் வேண்டாம், பல வருஷம் உழைக்கும். விலை மூங்கிலைவிடக் கூடுதல், எடையும் கூடுதல், நனைந்த காலோடு ஏறினால் வழுக்கும். அடித்தளத்தில் பழைய கோணிப்பை ஒன்றை விரித்தால் வழுக்கல் சரியாகும். பாறையில் இடித்து வெடிப்பு விட்டால் ஃபைபர் மேட், ரெசின், ஹார்டனர் வாங்கி ஒட்ட வேண்டும், ஈரத்தில் ஒட்டாது. உள்நாட்டு மீனவர்களுக்கு மீன்வளத் துறை மானியத்தில் பரிசலும் வலையும் கொடுப்பது உண்டு. அது தொழில் செய்கிறவர்களுக்கானது, ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரர் அந்த வரிசையில் போய் நிற்பது நியாயமில்லை.

இனி ரப்பர் படகு. பெயர்தான் ரப்பர், பொருள் பிவிசி. இன்டெக்ஸ், பெஸ்ட்வே போன்ற கம்பெனிகளின் காற்றடைத்த படகுகள் ஆன்லைனில் கிடைக்கின்றன, டெகாத்லான் கடையில் காற்றடைத்த கயாக்கும் (ஒல்லியான, நீளமான துடுப்புப் படகு) உண்டு. நகரத்தில் இருப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது இவைதான், காரணமும் நியாயமானது. மடித்தால் ஒரு பெரிய பயணப்பை அளவு. லிஃப்டில் வரும், ஆல்டோ டிக்கியில் போகும், பஸ்ஸில்கூடக் கொண்டுபோகலாம். எடுத்துச்செல்லும் வசதி மட்டும்தான் கேள்வி என்றால் போட்டியே இல்லை.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்டெக்ஸ் சீஹாக் 2 என்ற மாடல் 236 செ.மீ நீளம், 114 செ.மீ அகலம், 200 கிலோ தாங்கும், இரண்டு பேருக்கானது. ஆனால் அது வெளி அளவு. இரண்டு பக்கமும் காற்றுக் குழாய்கள் இடத்தைத் தின்றது போக உள்ளே உட்கார ஒரு ஆள் அகலம்தான் மிஞ்சும். இரண்டு பேர் எதிரெதிரே காலை நீட்டி உட்கார்ந்தால் மீன்கூடைக்கு இடமிருக்காது. தூண்டில் போடுவதற்கு இரண்டு பேர் படகை ஒருவர் படகு என்றும், நான்கு பேர் படகை இரண்டு பேர் படகு என்றும் வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.

இதற்கு நம் ஊரில் பெரிய எதிரி முள். தமிழ்நாட்டு ஏரிகளில் பலவற்றின் உள்ளே கருவேலம் நிற்கிறது, கரையெல்லாம் சீமைக்கருவேலம். தண்ணீர் ஏறும்போது மரம் பாதி முழுகி, காய்ந்த கிளைகள் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். மீனும் அங்கேதான் ஒதுங்கும், நாமும் அங்கேதான் போவோம். பரிசலில் போனால் முள் தாரில் குத்திக்கொண்டு நிற்கும், பெரும்பாலும் உள்ளே வராது. முக்கால் மில்லிமீட்டர் பிவிசி அப்படித் தாங்காது. தண்ணீருக்குப் போகும் வழியிலேயே பாதி ஆபத்து இருக்கிறது. கரையில் கிடக்கும் ஒரு காய்ந்த முள் செருப்பையே துளைக்கும், அதன்மேல் படகை விரித்துக் காற்றடிக்கக் கூடாது. தடிமனான தார்ப்பாய் ஒன்றை முதலில் விரித்துவிட்டுத்தான் பையையே திறக்க வேண்டும். கரையின் அலைக்கற்கள்மேல் இழுக்காமல் இரண்டு பேர் தூக்கிப்போய் இறக்க வேண்டும்.

அடுத்த எதிரி நாம் பிடிக்கும் மீனே. கெளுத்தியைத் தண்ணீரிலிருந்து தூக்கியதும் அது இரண்டு பக்கத் துடுப்பு முள்ளையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். மேலே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, ஆக மூன்று முள். அந்த நிலையில் கை தவறி மடியில் விழுந்து துள்ளினால் பக்கக் குழாயில் ஊசி குத்திய மாதிரி ஒரு துளை விழும். சத்தம் வராது. அரை மணி கழித்து முழங்கைக்குக் கீழே குழாய் தொளதொளத்திருப்பது தெரியும். ஜிலேபிக் கெண்டையின் முதுகு முள்ளும் சளைத்ததில்லை. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் காலுக்கிடையே வைத்துக்கொண்டு, மீனைக் கைவலையோடு நேராக அதற்குள் இறக்கினால் இந்தப் பிரச்சினை பெருமளவு தீரும். காற்று தனித்தனியாக நிற்கும் பல அறைகள் உள்ள படகாகப் பார்த்து வாங்குங்கள், ஒரு அறை போனாலும் மற்றவை கரை சேர்க்கும். ஒரே அறை உள்ள குளியல்தொட்டி பொம்மைகளும் படகு என்ற பெயரில் விற்கிறார்கள், அவை குழந்தைகளின் நீச்சல் குளத்துக்கு.

வெயிலையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் விறைப்பாக அடித்த காற்று, பத்து மணிக்குப் படகைக் கரையில் வெயிலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் சூடேறி விரியும், ஒட்டுத் தையல் விடும். கரையேற்றியதும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவது பழக்கமாக வேண்டும். வீட்டுக்கு வந்தபிறகு துடைத்து நிழலில் உலர்த்தி மடிக்க வேண்டும். மீன் வாடை போகாமல் மடித்து வைத்தால் எலிக்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி. காற்றடிக்கும் கால் மணி நேரம், உலர்த்தும் ஒரு மணி நேரம் இரண்டையும் சேர்த்துக்கொண்டால் ரப்பர் படகு அவ்வளவு சுலபமானதல்ல என்பது புரியும். ஆனால் முள் இல்லாத ஏரி, இறங்க மண்சரிவு அல்லது படித்துறை, காலை ஆறிலிருந்து ஒன்பது மணி வரை மட்டும் என்று இருந்தால், பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலைக்கு இது தரும் சுதந்திரம் பெரிது.

கயாக்கில் நான் சொல்வது கடினப் பிளாஸ்டிக்கில் வார்த்த, மேலே உட்காரும் வகை. ஒன்பது, பத்தடி நீளம், இருபதிலிருந்து முப்பது கிலோ. உள்ளே தண்ணீர் வந்தாலும் துளைகள் வழியாகத் தானே வெளியேறும், முள் ஒன்றும் செய்யாது, கல்லில் இழுத்தால் கீறல் விழும், அவ்வளவுதான். நேராகப் போகும். இருபக்கத் துடுப்பு போட்டால் பரிசல்காரர் ஒரு கரையிலிருந்து கிளம்புவதற்குள் நாம் மறுகரையில் இருப்போம். தனி ஆளாகச் செயற்கைத் தவளையை வீசி விரால் பிடிக்கிறவருக்கு இதுதான் படகு. சத்தமில்லாமல் ஆம்பல் இலைகளுக்கு நடுவே நுழையலாம், தூண்டில் ராட் வைக்கத் துளையும் இருக்கும்.

விலைதான் இடிக்கும். நான் விசாரித்தவரை முப்பதாயிரத்துக்குக் கீழே உருப்படியான புதுக் கயாக் கிடைப்பது அரிது, மீன்பிடிக்கென்றே அமைத்தது அதைத் தாண்டும். கார் கூரையில் கம்பி வேண்டும், கட்டும் பட்டை வேண்டும், தூக்கி ஏற்ற இன்னொரு கை வேண்டும். ஃபிளாட்டில் பத்தடிப் பொருளுக்கு இடமிருக்காது, மாடிப்படியின் திருப்பத்தில் சிக்கும். இரண்டு பேர் கயாக் வாங்கித் தனியாகப் போனால் மூக்கு தூக்கிக்கொண்டு காற்றில் திரும்பும், ஆகவே எப்போதும் தனியாகத்தான் போவீர்கள் என்றால் ஒற்றை ஆள் கயாக்கையே வாங்குங்கள்.

லாரி டியூபும் தெர்மாகோல் மிதவையும் எல்லாவற்றிலும் மலிவு. டியூப் நடுவில் பலகை கட்டி உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் போட்டபடி ஏரிக்குள் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நீச்சல் தெரிந்து, அந்த ஏரியின் ஒவ்வொரு பள்ளமும் தெரிந்த உள்ளூர்க்காரர் செய்வது அது. ஒரே அறை, ஒரே வால்வு, எத்தனை பஞ்சர் போட்டதென்று தெரியாத பழைய டியூப். தெர்மாகோல் உடைந்து ஏரி முழுக்க வெள்ளை மணிகளாக மிதப்பது தனிக் கொடுமை. வெளியூரிலிருந்து வருகிறவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். அமெரிக்க யூடியூப் சேனல்களில் பார்க்கும் அலுமினியத் தட்டைப் படகு நல்ல சாமான்தான், ஆனால் இங்கே தேடிக் கண்டுபிடித்து டிரெய்லரோடு வாங்கும் பணத்தில் பல பரிசல் வாங்கலாம். பேட்டரி மோட்டார் ஆசை இருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள். சாதாரண லெட் ஆசிட் பேட்டரியே இருபது கிலோவுக்கு மேல் இருக்கும், தூக்கிப்போகும் படகு என்பதற்கே அர்த்தம் போய்விடும். மோட்டார் என்றதும் அனுமதிக் கேள்விகளும் கூடும்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே உள்ள எல்லாப் படகையும் அது வேறு வேறு விதமாக நடத்துகிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி பக்கமெல்லாம் அம்மியை நகர்த்துகிற காற்று. ரப்பர் படகு தண்ணீருக்கு மேலே உயரம், கீழே ஆழமே இல்லை, எடையும் கிடையாது. காற்றடித்தால் படகு போகும் திசை காற்று முடிவு செய்வதுதான். பரிசலும் தள்ளப்படும், ஆனால் கனமாக இருப்பதாலும் அலைமேல் ஏறி இறங்குவதாலும் பயமுறுத்தாது, நேரம்தான் பிடிக்கும். எதிர்க்காற்றில் சுலபமாக முன்னேறக்கூடியது கயாக் ஒன்றுதான். சித்திரை, வைகாசியில் மாலை இடிமழைக்கு முன்னால் திடீரென்று அடிக்கும் காற்றுக்கு எந்தப் படகும் பதில் இல்லை, மேற்கே கறுத்தால் கரையேறிவிட வேண்டும்.

நீர்ப்பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு அலை எழும். ஊர் ஏரியில் முழங்கால் அளவு அலை வருவதற்கு இடமே இல்லை. மேட்டூர் அப்படியல்ல. 1934இல் கட்டி முடித்த ஸ்டான்லி நீர்த்தேக்கம் நிரம்பி 120 அடியில் நின்றால் 93.47 டிஎம்சி தண்ணீர், கண்ணுக்கெட்டிய தூரம் கடல் மாதிரி. அதற்கு ரப்பர் படகு கூடவே கூடாது. நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் முழுகிய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே வருவதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அவை வெளியே தெரிகிறவை. தண்ணீருக்கு ஒரு அடி கீழே நிற்கும் பழைய சுவரும் மொட்டை மரமும் தெரியாது, அவற்றின் இடம் அங்கேயே தொழில் செய்யும் பரிசல்காரருக்குத்தான் தெரியும். பெரிய அணையில் ஆசைக்கு ஒரு நாள் என்றால், சங்கத்தில் அனுமதி கேட்டுவிட்டு அவரோடு அவர் பரிசலில் கூலி கொடுத்துப் போய் வருவது சொந்தப் படகு வாங்குவதைவிட எல்லா வகையிலும் மேல்.

ஆக என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். ஏரிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வீடு, அல்லது கரையில் நம்பிக்கையான ஆள் இருந்தால் மூங்கில் பரிசல், யோசிக்கவே வேண்டாம். ஒவ்வொரு வாரமும் வேறு வேறு ஏரிக்குத் தனியாகப் போகிறவர், கார் உண்டு, தரைத்தளத்தில் இடம் உண்டு என்றால் பணம் சேர்த்துக் கயாக். ஃபிளாட், பைக் அல்லது சின்னக் கார், மாதத்துக்கு ஒரு தடவை என்றால் பல அறை ரப்பர் படகு, முள் இல்லாத சின்ன ஏரிகளுக்கு மட்டும். மகனையும் கூட்டிப்போவேன் என்கிறவருக்கு ஆறரை அடிப் பரிசல்தான், குழந்தைகள் உட்கார்ந்தபடி அசைந்தாலும் அது கலங்காது. எது என்று தீர்மானிக்க முடியாதவர் இந்த ஆண்டு வாங்காமல் கரையிலிருந்தே போடலாம், கரையோரத்து ஜிலேபிக்குப் படகு தேவையில்லை.

எதை வாங்கினாலும் லைஃப் ஜாக்கெட்டுக்குப் பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு மீதியில் படகைப் பாருங்கள். கடையில் போட்டுப் பார்க்கும்போது தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே தூக்க வேண்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அளவு பெரிது, தண்ணீரிலும் அப்படித்தான் ஏறிக் கழன்றுகொள்ளும். முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீரில் அதைப் போட்டுக்கொண்டு படகிலிருந்து வேண்டுமென்றே விழுந்து, மறுபடி ஏறிப் பாருங்கள். கயாக்கில் வயிற்றைப் போட்டு ஏறலாம். ரப்பர் படகிலும் கொஞ்சம் திணறி ஏறலாம். பரிசலில் தனியாக ஏறுவது மிகக் கடினம், எதிர்ப்பக்கம் உள்ளே ஒருவர் உட்கார்ந்து எடை கொடுக்க வேண்டும். தனியாகப் போகிறவர் பரிசல் விளிம்பில் காலை நுழைத்து ஏறுகிற மாதிரி ஒரு கயிற்று வளையம் கட்டி, அதையும் அதே இடுப்பளவுத் தண்ணீரில் சோதித்துவிட்டு ஆழத்துக்குப் போகட்டும்.